டீசல் நோட்டில் இரண்டு இறக்கங்கள்

மைலேஜ் குறைகிறது என்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருவார்கள். முதலாளி ஒருவர், டிரைவர் ஒருவர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிளட்ச் போய்விட்டது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் வண்டிகளில் இந்த இறுக்கம் இருக்காது. மைலேஜ் விஷயத்தில் மட்டும் ஒரு மனுஷன் மேல் பழியும் சேர்ந்தே ஏறி வருகிறது.

பெங்களூரு கலாசிபாளையம் பக்கத்தில் 22 வருடமாக லோடு வண்டிகளுக்கு வேலை பார்க்கிறேன். போன வருடம் செப்டம்பர் கடைசியில் வந்த பிக்கப் ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ராயக்கோட்டையிலிருந்து தினமும் தக்காளி ஏற்றிவரும் வண்டி. ஒரு நடைக்குப் போக வர 150 கிலோமீட்டர் சொச்சம். மண்டி முதலாளி என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: “அண்ணே, லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்ப 10 கூட கொடுக்கல. பையன் டீசல் எடுத்து விக்கிறானோன்னு தோணுது. ரெண்டு மாசமா சம்பளத்துல மாசம் 2,000 பிடிச்சிருக்கேன். நீங்க பாத்துச் சொல்லிடுங்க.”

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. 13 கொடுத்தால் ஒரு நடைக்குப் பதினொன்றரை லிட்டர் போதும். ஒன்பதரை என்றால் கிட்டத்தட்ட 16 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் தினமும் 380 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. தக்காளி விலை இறங்கியிருக்கும் நாளில் அதுதான் அவருக்கு மிச்சமாகக் கூடிய காசு.

ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டியிருந்தார்கள். அங்கே ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், 30,000-க்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்வது. இன்ஜெக்டர் சரியில்லை என்று சந்தேகம் வந்தால் அதன் ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி, நான்குக்கும் நான்கு அளவுக் குழாய்களைக் கட்டி, இன்ஜினைச் சும்மா ஓட விட்டால் போதும். எதில் அதிகமாகத் திரும்பி வருகிறதோ அது கசிகிறது. அரை மணி நேர வேலை. இந்த வண்டியில் நான்கு குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. இன்ஜெக்டர் பேச்சு அன்றோடு முடிந்தது.

டிரைவர் தர்மபுரிப் பக்கத்துப் பையன், 26 வயது இருக்கும். நான் கேட்பதற்கு முன்பே டேஷ்போர்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தான். “நான் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்ணே. யாரும் இதைப் பாக்கல.”

பள்ளிக்கூட நோட்டு. ஓரமெல்லாம் கிரீஸ் கறை. மூன்று நடைக்கு ஒரு முறை ஃபுல் டேங்க். தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றும் வரிசையாக எழுதியிருந்தான். வகுத்துத்தான் பார்க்கவில்லை. நான் மொபைலில் ஒவ்வொன்றாக வகுத்துப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். ஏப்ரலில் 452 கிலோமீட்டர், 34.7 லிட்டர்: 13. மே நடுவிலிருந்து 12. ஜூன், ஜூலை முழுக்க அதே 12. ஆகஸ்ட் முதல் வாரத்தில் திடீரென்று 450 கிலோமீட்டருக்கு 47.2 லிட்டர். ஒன்பதரை. அதற்கப்புறம் அங்கேயே நின்றுவிட்டது.

டீசல் எடுத்து விற்கிறவன் கணக்கு இப்படிப் படிக்கட்டு மாதிரி இருக்காது. ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும், பணத் தேவைக்கு ஏற்ப ஆடும். தவிர, எடுக்கிறவன் நோட்டே போட மாட்டான். மே மாதம் ஒன்று நடந்திருக்கிறது, ஆகஸ்டில் இன்னொன்று நடந்திருக்கிறது என்று அந்த நோட்டு சொன்னது. என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

ஆனால் முதலாளிக்கு என் யூகம் போதாது. அதனால் சனிக்கிழமை இரவு நானே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பும்போது பம்பில் ஃபுல் டேங்க். நாஸில் தானாக நின்ற இடத்தோடு சரி, அதற்கு மேல் ரவுண்டு பண்ணச் சொல்லவில்லை. அளவில் குறைகிறதோ என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது என்று 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொன்னேன். யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும், 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அங்கே அளவு சரியாகவே இருந்தது.

அத்திப்பள்ளி தாண்டும்வரை பையன் எதுவும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “நியூட்ரல்ல விட்டா வண்டி உருள மாட்டேங்குதுண்ணே. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. முதலாளிகிட்ட சொன்னேன், சாக்கு சொல்றேன்னுட்டாரு.”

வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியிருந்தேன். ஃபால்ட் கோடு ஒன்றும் இல்லை. நிறைய பேர் இத்துடன் ஸ்கேனரைக் கழற்றிவிடுவார்கள். கோடு இல்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, ஓடும்போது வரும் எண்களைப் பார்க்க வேண்டும். 40 கிலோமீட்டர் ஓடிய பிறகும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரின் சூடு 61, 63, 62 என்றே ஆடிக்கொண்டிருந்தது. 80-ஐத் தாண்டி நிற்க வேண்டிய எண் அது. மே மாதத்து இறக்கம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விடியற்காலை லோடோடு திரும்பி வரும்போது அத்திப்பள்ளியில் டீக்கு நிறுத்தினோம். ஹைவேயில் அதிகம் பிரேக் பிடிக்காமல் வந்த வண்டி. குனிந்து பின்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டு போனால் அடுப்பு மாதிரி அனல். பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தேன், சுர்ரென்று ஆவியானது. சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னைப் பிடித்துப் பார்த்தால் இடது பின் பிரேக் டிரம் 187 டிகிரி, வலது 121, முன்சக்கரம் இரண்டும் 70-ஐச் சுற்றி. அந்த 187-ஐப் பையனுக்குக் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். டீ ஆறிப்போனது.

கலாசிபாளையத்தில் லோடு இறக்கி, அதே பம்பில், அதே நாஸிலில் மறுபடி ஃபுல் டேங்க். கணக்கு 9.6 வந்தது. பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்த நடை அது. டீசல் வெளியே போக வழியே இல்லை.

மதியம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டேன். நல்ல வண்டியில் அந்த ஹோஸ் வெகுநேரம் ஜில்லென்று இருக்கும். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு மூடியிருப்பதால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சீக்கிரம் சூடாகும். சூடு சரியான அளவுக்கு வந்ததும் வால்வு திறக்கும், அப்போதுதான் ஹோஸில் சூடு பாயும். இதில் மூன்றாவது நிமிடமே வெதுவெதுப்பு ஏறத் தொடங்கியது. ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே வால்வே இல்லை. வெறும் ஓட்டை.

பையனுக்கு உடனே ஞாபகம் வந்தது. மே மாத வெயிலில் ஓசூர் கிட்டே வண்டி ஹீட் ஆகி நின்றதும், வழியில் ஒரு மெக்கானிக் “வால்வை எடுத்துப் போட்டா இனிமே ஹீட்டே ஆகாது” என்று எடுத்துவிட்டதும். ஹீட் ஆகாதுதான். ஆனால் இன்ஜின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாக டீசல் விடும். ஆயிலும் கெட்டியாகவே கிடந்து இழுக்கும். உண்மையில் அன்றைக்கு ஹீட் ஆனதற்குக் காரணம் ரேடியேட்டர் இடுக்கெல்லாம் புழுதியும் பூச்சியும் அடைத்திருந்ததுதான். அதைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் மாட்டினால் மறுபடி நடுரோட்டில் நிற்கும். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம்.

ஜே.சி. ரோட்டில் வாங்கிவந்த புது வால்வின் மேல், அது திறக்கத் தொடங்கும் சூடு 82 என்று பொறித்திருந்தது. மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். பெங்களூரு உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதிப்பதற்குள் திறந்துவிட வேண்டும் என்று கவனமாகப் பார்ப்பேன். திறந்தது.

ஆகஸ்ட் விஷயம் பின்சக்கரத்தில். ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றுகூட வரவில்லை. டிரம்மைக் கழற்றியதும் கருகிய பிரேக் லைனிங் வாடை. டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பூத்திருந்தது. எங்கள் கன்னடப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு “ஸ்பிரிங்கே இல்லண்ணா” என்றான். ஜூலை கடைசியில் எங்கேயோ லைனிங் மாற்றியிருக்கிறார்கள். பிரேக்கை விட்டதும் லைனிங்கை டிரம்மிலிருந்து விலக்கி இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்றைத் திரும்ப மாட்டவில்லை, ஹேண்ட்பிரேக் கேபிளையும் முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். அதனால் வலது பக்கமும் லேசாக உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பின் டயர்களில் காற்றும் 15 பவுண்டு குறைவு. பையன் இரண்டு மாதமாக பிரேக்கை மிதித்தபடியே ஓட்டியது போலத்தான் கணக்கு. இறக்கத்தில் அந்தச் சூட்டோடு பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மொத்த பில் அந்த இன்ஜெக்டர் தொகையில் கால்வாசிகூட வரவில்லை. முதலாளியை உட்காரவைத்து நோட்டைத் திறந்து இரண்டு இறக்கத்தையும் காட்டினேன். பழைய லைனிங்கைக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையன் வெளியே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து ஆயில் மாற்ற வந்தவன் நோட்டை என் மேஜையில் வைத்தான். 455 கிலோமீட்டர், 35.8 லிட்டர். இந்த முறை அவனே வகுத்து 12.7 என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே முதலாளி கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பிடித்தம் 4,000 திருப்பிக் கொடுத்தது.’