வெளிக்காதைப் படிக்க இரண்டு எல்லைகள்

காது, மூக்கு, தொண்டைப் பாடத்தில் வெளிக்காதைப் பலர் ஓர் இரவில் புரட்டி முடித்துவிடுகிறார்கள். நடுச்செவி அறுவைச் சிகிச்சைகளுக்கே நேரம் போதவில்லை என்பார்கள். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் குறும்பி, அரிப்பு, கொப்புளம் என்று வருகிறவர்கள் ஏராளம். வாய்மொழித் தேர்விலும் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். நான் இந்தப் பாடத்தை நோய்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யவில்லை. இரண்டு எல்லைகளை மட்டும் மனத்தில் இருத்தி, ஒவ்வொரு நோயும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று கேட்டுக்கொண்டே படித்தேன்.

முதல் எல்லை, காது மடலில் குருத்தெலும்பு முடியும் இடம். மடல் முழுவதும் வளையும் தன்மையுள்ள ஒரே குருத்தெலும்புத் தகடு. தோடு போடும் சோணையில் அது கிடையாது. காதுத் துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் டிராகஸுக்கும், மடலின் சுருண்ட விளிம்பான ஹெலிக்ஸின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியிலும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கீறினால் குருத்தெலும்பை வெட்டாமலே உள்ளே போகலாம். இது தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி.

சோணையைப் புரிந்துகொள்ளக் காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் புத்தகமே தேவையில்லை. தண்டட்டி என்னும் கனமான காதணி போட்டுக் காது வளர்த்த மூதாட்டிகளை இன்னமும் பார்க்கலாம். என் அப்பத்தாவிடம், “காதைத் தொட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். “பார்த்துக்கொள் ஆத்தா, படிப்புக்குத்தானே” என்று தலையைச் சாய்த்துக்கொடுத்தார். சோணை கொழுப்பும் நார்த்திசுவும் மட்டுமே என்பதால் பாரம் இழுக்க இழுக்க நீண்டிருக்கிறது. அதற்கு மேலே மடல் இம்மியும் மாறவில்லை. விரலால் தடவிப் பார்த்த அந்த எல்லை எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

குன்றக்குடியில் குழந்தைக்குக் காது குத்தும்போது ஊசி இறங்குவது சோணையில். இப்போது கல்லூரிப் பெண்கள் மடலின் மேல் விளிம்பில் குத்திக்கொள்கிறார்கள். குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக்குழாய் இல்லை. மேலே போர்த்திய சவ்வுதான் அதற்கு ஊட்டம் தருகிறது. குத்திய இடத்தில் கிருமி புகுந்தால், பெரும்பாலும் சூடோமோனாஸ், சீழ் அந்தச் சவ்வைத் தூக்கிவிடும்; கீழே குருத்தெலும்பு செத்து மடல் சுருங்கிப்போகும். மடல் முழுவதும் சிவந்து வீங்கியும் சோணை மட்டும் தப்பியிருப்பது இந்நோயின் அடையாளம். கபடியில் அடிபட்டு மடலில் இரத்தம் கட்டினாலும் கதை இதுதான். அதனால்தான் தாமதிக்காமல் இரத்தத்தை வெளியேற்றி அழுத்திக் கட்டுப்போடுகிறார்கள்.

இரண்டாவது எல்லை, காதுத் துளையிலிருந்து செவிப்பறைவரை போகும் செவிக்குழலுக்குள் இருக்கிறது. குழலின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். வெளிப்புறம் 8 குருத்தெலும்பு, உட்புறம் 16 எலும்பு. முடி, குறும்பிச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் வெளிப்பகுதியில்தான். ஆகவே முடிவேரில் வரும் கொப்புளமும் அங்கேதான் வரும். தோல் அடியிலுள்ள குருத்தெலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் வீங்க இடமின்றி வலி உயிர்போகும். டிராகஸை அழுத்தினால் நோயாளி துடித்துவிடுவார். மாறாக, உள்ளே எலும்புப் பகுதியின் பின்மேல் சுவர் தொங்கினால் காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் படத்தோடு எழுதுங்கள், மதிப்பெண் நிச்சயம்.

குழலின் தோல் தானாகவே வெளிநோக்கி நகர்ந்து குறும்பியைத் தள்ளிக்கொண்டு வரும். செவிப்பறையை ஒட்டிக் குறும்பி அடைத்திருந்தால் பட்ஸோ கொண்டை ஊசியோ அதை உள்ளே தள்ளியிருக்கலாம். இதை நோயாளிக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டைவிட இது பயன்படும்.

குருத்தெலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தைத் தனியாகப் படியுங்கள். சர்க்கரை நோயுள்ள முதியவர், இரவில் தூங்கவிடாத காதுவலி, அந்தச் சந்திப்பில் சதை வளர்ச்சி என்றால் அது மாலிக்னன்ட் ஓட்டைட்டிஸ் எக்ஸ்டெர்னா. பெயரில் ‘மாலிக்னன்ட்’ என்று இருந்தாலும் இது புற்றுநோய் அல்ல, வெளிக்காதில் வரும் சூடோமோனாஸ் தொற்று. மண்டையோட்டின் அடிப்பகுதிக்குப் பரவி முக நரம்பைச் செயலிழக்கச் செய்யும். வீட்டுப் பெரியவர்கள் இப்படி வலிக்கிறது என்றால் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க விடாதீர்கள்.

எண்ணெய் என்றதும் பூஞ்சை. ஊருணியில் குளித்த ஈரமும் எண்ணெய்த் தலைமுழுக்கும் சேர்ந்த காதில் அரிப்பெடுத்தால் உள்ளே பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். வெண்படலம் கேண்டிடாவாக இருக்கலாம்.

நரம்புகளுக்கு ஒரு குறிப்பு போதும். காதைச் சுத்தம் செய்யும்போது இருமல் வருவது, தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளையால். காது வலிக்கிறது என்றவரின் காதில் குறையொன்றும் தெரியாவிட்டால் பல்லையும் தொண்டையையும் பாருங்கள்; நரம்புகள் பொதுவாக இருப்பதால் அங்குள்ள வலி காதில் தெரியலாம்.

செய்முறைத் தேர்வில் காது கழுவுதல் வரும். நீர் 37 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லையெனில் தலைசுற்றும். பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுத்து, நீரைப் பின்மேல் சுவரை நோக்கிப் பாய்ச்ச வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கழுவக்கூடாது. குழந்தை பயறோ கடலையோ போட்டுக்கொண்டிருந்தாலும் நீர் வேண்டாம், ஊறிப் பருத்துவிடும். உயிருள்ள பூச்சி என்றால் முதலில் எண்ணெய் விட்டு அதைக் கொன்றபின் எடுக்க வேண்டும். பொம்மையிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி என்றால் நீரும் கூடாது, சொட்டு மருந்தும் கூடாது. தோலை அரித்துவிடும் என்பதால் உடனே எடுத்தாக வேண்டும்.