கடல் நீலம் கிடைத்துவிட்டது

மாசி மகத் தீர்த்தவாரி போஸ்டர் இன்று அச்சாகி வந்தது. மூன்றே பேர் உள்ள எங்கள் ஸ்டுடியோவில் 12 நாள் வேலை. மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் எழுந்தருளும் காட்சி. பேனாவில் வரைந்து, ஸ்கேன் செய்து, வண்ணம் மட்டும் கணினியில்.

அந்த நீலம்தான் படுத்தி எடுத்துவிட்டது! திரையில் பளிச்சென்று இருந்தது, முதல் புரூஃபில், அதாவது சோதனை அச்சில், ஊதாவாக மங்கிவிட்டது. திரை ஒளியால் காட்டும் நீலம் அச்சு மையில் அப்படியே வராது. சயான் என்ற நீல மையோடு மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை கொஞ்சம் கூடினாலே ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். குறைத்துக் குறைத்து நான்காவது புரூஃபில் பிடித்தோம். அச்சக அண்ணன் விரித்துப் பார்த்துவிட்டு, "இதாம்பா நம்ம கடலு" என்றார். கண் கலங்கிவிட்டது.

'தீர்த்தவாரி' என்பதை நான் கையால்தான் எழுதினேன். 'தீ'யின் சுழி அலை மாதிரி வளைய வேண்டும், எந்த ஃபான்ட்டிலும் அது இல்லை. சரி, நாளை விடிந்ததும் பசை வாளியோடு குப்பத்துக்குக் கிளம்புகிறோம்.