மூன்று பேரழிவுகளும் ஒரு போலி சிடியும்

வேலை மாறி சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த முதல் ஆண்டில், ஹையட் ரீஜென்சி ஓட்டலில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். முன்கூடத்தின் உயரத்தையும் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த லிஃப்டுகளையும் அண்ணாந்து பார்த்து நின்றபோது, உடன் வந்த மூத்த சக ஊழியர் சொன்னார்: "இந்தக் கட்டடம் 1974இலேயே எரிந்துபோயிற்று, தெரியாதா உங்களுக்கு?"

அவர் சொன்னது ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ படத்தை. அதில் எரியும் கண்ணாடிக் கோபுரத்தின் உட்புறக் காட்சிகள் சில அந்த ஓட்டலில் எடுக்கப்பட்டவை. கோபுரத்தின் வாசல் சதுக்கமாக வருவது 555 கலிஃபோர்னியா தெருக் கட்டடத்தின் முற்றம். என் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த வார இறுதியில் படத்தைப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடங்கள் ஒரு ஹெலிகாப்டர் கடற்கரையோரமாகப் பறந்து வந்து நகரத்துக்குள் நுழைகிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் அடியில் ஓடும் ஜான் வில்லியம்ஸின் இசை என்னை நாற்காலி நுனிக்கு இழுத்துவிட்டது. நெருப்பு பற்றுவதற்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டது அங்கேதான்.

ஹெய்ட் தெருவிலுள்ள அமீபா இசைத்தட்டுக் கடையில் அந்தப் பட இசையின் பழைய எல்பி நான்கு டாலருக்குக் கிடைத்தது. உறையின் ஓரம் கிழிந்திருந்தது, தட்டு சுத்தம். ஒரே மாதத்தில் மனப்பாடமாகிவிட்டது. பிறகு படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறுத்தல் தொடங்கியது. படம் 165 நிமிடம். எல்பியில் இருப்பது சுமார் நாற்பது நிமிட இசை, அதிலும் ஒரு காதல் பாட்டு. படிக்கட்டிலும் குழாய்களிலும் மனிதர்கள் தொங்கும்போது நான் கேட்ட இசை தட்டில் இல்லை.

காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போனால் எல்பியின் ஒலித்தரம் குறையத் தொடங்கும் என்பது ஒன்று. வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்பவருக்காகத் தொகுக்கப்பட்டது, படம் பார்த்தவரின் நினைவுக்காக அல்ல என்பது இன்னொன்று. மூன்றாவதாக, பழைய ஒலிப்பதிவை வெளியிட வேண்டுமானால் அன்று வாசித்த கலைஞர்களுக்கு அவர்களுடைய சங்கத்தின் வழியாக மறுபயன்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய வாத்தியக்குழு என்றால் அது பெருந்தொகை. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடுபவர்களுக்குச் சலுகை வந்த பிறகுதான் ‘3,000 பிரதிகள் மட்டும்’ என்ற முத்திரையோடு முழு இசைகள் வெளிவரத் தொடங்கின. அந்த எண்ணை முதலில் பார்த்தபோது விற்பனைத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். தந்திரமும் கொஞ்சம் உண்டு. ஆனால் கணக்கும் இருக்கிறது.

‘ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி’ என்ற திரையிசை இதழின் சிடி வரிசையில் ‘டவரிங் இன்ஃபெர்னோ’ 2001இல் வெளிவந்து, நான் தேடுவதற்குள் தீர்ந்தும் போயிருந்தது. எஞ்சியது பழைய சரக்குச் சந்தை. இணையத்தில் ஒருவரிடம் 45 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்த உறையைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. சிறு புத்தகத்தில் எழுத்துகளின் ஓரம் மயிர்விட்டதுபோல் பிசிறடித்தது. சிடியைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லை. பச்சையும் ஊதாவுமாக மின்னியது. ஆலையில் அச்சிட்ட சிடியின் நடு வளையத்தைச் சுற்றி வெளியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் வெற்றுச் சிடி தயாரித்தவர்களின் எண் மட்டும் இருந்தது. யாரோ வீட்டுக் கணினியில் பதிந்த நகல்.

புகார் எழுதினேன். விற்றவர், தானே ஏமாந்துவிட்டதாகப் பதில் எழுதினார். பொய்யா மெய்யா என்று இன்றும் தெரியாது. மூன்று வார இழுபறிக்குப் பிறகு பணம் திரும்பியது, தபால் செலவு நீங்கலாக. நகலைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பணம் கட்டுவதற்கு முன்பே அடிப்பக்கத்தின் படமும் நடு வளையத்தின் படமும் கேட்பேன். தயங்குபவர்களிடம் வாங்குவதில்லை. முகப்பு அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது, தோலைப் பார்த்துப் பலாப்பழம் வாங்குவது மாதிரி.

உண்மையான பிரதி எட்டு மாதம் கழித்து 60 டாலருக்கு வந்தது. அதன் கடைசிப் பகுதியில் சில இசைத் துண்டுகளின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘பழுதானது’ என்று அச்சிட்டிருந்தார்கள். காலத்தால் கெட்டுப்போன ஒலியை விட்டுவிடவும் இல்லை, நல்ல துண்டுகளோடு கலந்து மறைக்கவும் இல்லை. தனியாக ஒதுக்கி, குறையைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். விற்கிற பொருளின்மேல் அதன் குறையை எழுதி வைப்பவர்களை வேறு எங்கே பார்த்தோம்? அந்தத் துண்டுகளைத்தான் முதல் வாரம் முழுக்கக் கேட்டேன்.

வில்லியம்ஸ் இசையமைத்த மற்ற இரண்டு பேரழிவுப் படங்களின் இசையையும் தேடினேன். அவற்றில் ‘தி பொசைடன் அட்வென்ச்சர்’ சுலபமாக முடிந்தது. 1972இல் வந்த அந்தப் படத்தின் இசை, அதே இதழ் 1998இல் இன்னொரு வில்லியம்ஸ் படத்தோடு சேர்த்து வெளியிடும்வரை தட்டாகவே வந்ததில்லை. பின்னர் லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் தனியாக வெளியிட்டதை நியாயமான விலையில் வாங்கினேன்.

இன்னொன்றான ‘எர்த்குவேக்’தான் குழப்பியது. வரீஸ் சாராபாண்ட் நிறுவனம் வெளியிட்ட சிடியைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் எடுத்தேன். கேட்கக் கேட்கப் படத்தில் இருப்பதோடு ஒத்துவரவில்லை. வேகம் வேறு, முடிப்பு வேறு. பிறகுதான் புரிந்தது, அந்த ஆல்பமே படத்துக்காகப் பதிவு செய்ததன்று. எல்பிக்காக மறுபடி வாசித்துப் பதிவு செய்தது. அதாவது, பல மாதங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்தது படத்தில் இல்லாத ஒலிப்பதிவு.

2019இல் லா-லா லேண்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மைக் மாடெசினோவின் தயாரிப்பில் மூன்று படங்களும் ஒரே பெட்டியில், நான்கு சிடிகளில். ‘எர்த்குவேக்’கின் படப் பதிவும் அதில் உண்டு. என் மனைவி கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதே மூன்றும் அலமாரியில் இருக்கின்றனவே? பெட்டி புதிதென்றா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். மறுபதிவு, மூலநாடா, படத்துக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வேறுபாடு என்று கால் மணி நேரம் விளக்கினேன். முடிவில் அவள், "அப்படியென்றால் பழையவற்றை விற்றுவிடலாம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்கவும் இல்லை. அந்தச் சிறு புத்தகங்களில் உள்ள கட்டுரைகள் வேறு, அவை வேண்டும் என்று ஏதோ முனகினேன்.

பெட்டி வந்த இரவு ‘எர்த்குவேக்’ சிடியை எடுத்துக்கொண்டு படத்தையும் பக்கத்தில் ஓடவிட்டேன். நிலநடுக்கக் காட்சிக்கான இசையைத் தேடினேன். இல்லை. சிடியிலும் இல்லை, படத்திலும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் இடிந்து விழும் அந்த நிமிடங்களுக்கு வில்லியம்ஸ் இசையே அமைக்கவில்லை. அந்த இடத்தை ‘சென்சரவுண்ட்’ எடுத்துக்கொண்டது: திரையரங்கில் ராட்சத ஒலிபெருக்கிகளை வைத்து, காதை விட உடம்பால் உணரக்கூடிய தாழ்ந்த அதிர்வை எழுப்பும் ஏற்பாடு. ஹாலிவுட்டின் சைனீஸ் திரையரங்கில் கூரைக்கடியில் வலை கட்டியிருந்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. படம் வெளிவந்த ஆண்டின் ஒலிக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் போனது.

இத்தனை பணமும் காலமும் செலவழித்து நான் சேர்த்தவற்றில் பேரழிவு எங்கே என்று யோசித்தேன். ‘எர்த்குவேக்’கில் மனத்தில் நிற்பது நகரத்துக்கான அந்த அமைதியான பியானோ மெட்டு. மற்ற இரண்டிலும் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடங்கள் ஆபத்து வருவதற்கு முன்னால் இருக்கின்றன, அல்லது வந்துவிட்டு அடங்கிய பிறகு. விரிவாக்கப்பட்ட வெளியீடுகளில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். முப்பது விநாடி, ஒரு நிமிடம் நீளும் சிறு துண்டுகள், யாரோ ஒரு கதவருகே நின்று தயங்கும்போது வருபவை. எல்பி தொகுத்தவர்கள் இவற்றை வெட்டியது கேட்பவர்மேல் இரக்கப்பட்டுத்தான் என்று சில இரவுகளில் தோன்றுவதுண்டு. முழுப் பதிவை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே மூச்சில் கேட்கிறேன். சமையல் செய்யும்போது நான்கு டாலர் எல்பியைத்தான் போடுகிறேன். அதிலுள்ள ‘ஆன் ஆர்க்கிடெக்ட்ஸ் ட்ரீம்’ முடியும்போது சாம்பார் கொதித்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தீர்ந்துபோன சிடிக்கு மூன்று மடங்கு விலை கேட்டால் உடனே விழுந்துவிடாதீர்கள். புகழ்பெற்ற படமென்றால், இன்னொரு நிறுவனம் இன்னும் நல்ல மூலத்திலிருந்து மறுபடி வெளியிடுவதற்கு வாய்ப்பு அதிகம். 60 டாலர் கொடுத்தவன் சொல்கிறேன்.

அந்தப் போலி சிடி என் காரில் இருக்கிறது. பழைய கார், அதிலுள்ள பிளேயர் மாதம் ஒரு முறை சிடியை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கும். அசலை அதில் போட மனம் வராது. கோல்டன் கேட் பாலத்தில் ஏறும்போது முதல் துண்டைப் போடுகிறேன். போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில், பாலம் முடிவதற்குள் ஹெலிகாப்டர் பாதி வழிகூட வந்திருக்காது.