மாவுக்குப் போர்த்திய சால்வை

உதகையின் மார்கழிக் குளிரில் இட்லி மாவு எளிதில் பொங்குவதில்லை. அதைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். நான் உறங்கிய பின் என் கணவர் மாவுப் பாத்திரத்தை என் கம்பளிச் சால்வையில் சுற்றி, வெந்நீர்ப் பையை அணைத்து, கட்டிலிலேயே வைத்துவிட்டார். விடிவதற்குள் மாவு பொங்கி வழிந்து, சால்வை, மெத்தை, அவருடைய குரங்குக் குல்லாய் என எல்லாவற்றையும் நனைத்திருந்தது.

“என்னங்க இது?” என்றேன்.

“புளிச்சிடுச்சு, பார்த்தியா!” என்று அவர் பூரித்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. (சால்வை உலர வெயில் வர வேண்டுமே, அது தனிக் கவலை.)

சாம்பாருக்குக் குக்கரைத் தேடினால், மீதி மாவு அதற்குள் இருந்தது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கரின்றித் துவரம்பருப்பு வேக நெடுநேரமாகும். ஆகவே சட்னியோடு சாப்பிட்டோம். அத்தனை மெத்தென்ற இட்லியை இந்த ஊரில் நான் அதுவரை உண்டதில்லை.