தரைதட்டிய ஊசி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதத்து விடியற்காலை ஒன்றில், ஜாம்பவானோடைத் துறையிலிருந்து கோரையாற்றின் வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்றோம். இரு கரையிலும் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில் அலையாத்தி மரங்கள் நின்றன. லகூன் எனப்படும் காயலுக்குள் நுழைந்ததும் பனிமூட்டத்தில் அந்தக் கரைகளும் மறைந்துவிட்டன. இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி, அதுவரை வெளியே எடுக்க வாய்ப்பே அமையாத திசைகாட்டியை அப்போதுதான் பெருமையோடு பையிலிருந்து எடுத்தேன். ஆற்றோடு வந்திருக்கிறோம், ஆகவே கிழக்கு நோக்கிப் போகிறோம் என்பது என் கணக்கு. ஊசி அதை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. ஆனால் பெட்டியைச் சற்றுத் திருப்பியபோது ஊசியும் பெட்டியோடு சேர்ந்தே திரும்பியது.

படகோட்டி சிரித்துவிட்டார். “ஆறுன்னா கிழக்கேதான் போவணும்னு யாரு சொன்னது தம்பி? நாம தெக்கே போறோம். வாடை முதுகுல அடிக்குதா இல்லையா?” என்றார். அவர் சொன்னது சரி. காவிரியின் கிளைகள் பெரும்பாலும் கிழக்கே போய் வங்கக் கடலில் சேர்கின்றன என்றாலும், முத்துப்பேட்டைப் பகுதியில் கடற்கரையே தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. பாமினியாறும் கோரையாறும் அங்கே தெற்கே இறங்கித்தான் பாக் நீரிணையை அடைகின்றன. மன்னார்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் தவறு அது. ஊசியின் தவறு வேறு. கண்ணருகே வைத்துப் பார்த்தபோது, வடக்கைக் காட்ட வேண்டிய சிவப்பு முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்க, வெள்ளை முனை அடித்தகட்டைத் தொட்டு உரசிக்கொண்டிருந்தது. பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்ததும் ஊசி விடுபட்டு, தயங்கித் தயங்கிச் சுழன்று, படகோட்டி சொன்ன திசைக்கே சாட்சி சொன்னது.

அது போலிப் பொருள் அன்று. இந்த ஊருக்கென்று செய்யப்படாத பொருள், அவ்வளவுதான். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. வட ஐரோப்பாவில் அது 70 பாகைக்கும் மேலான சரிவில் தரைக்குள் இறங்குகிறது. அங்கே ஊசியின் வடமுனை எப்போதும் கீழ்நோக்கி இழுக்கப்படும் என்பதால், சமன் செய்வதற்காகத் தென்முனையில் எடையைச் சற்றுக் கூட்டிச் செய்கிறார்கள். அந்தச் சரிவு முற்றிலும் இல்லாமற்போகும் காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடியில், திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கிறது. காவிரி டெல்டா அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது; இங்கே சரிவு சில பாகைகள் மட்டுமே. வடமுனையைக் கீழே இழுக்கும் விசை அவ்வளவாக இல்லாத இடத்தில் அந்தக் கூடுதல் எடை தென்முனையைத் தரைதட்டச் செய்துவிடுகிறது.

ஆகவே திசைகாட்டி வாங்கும்போது விலை, எடை, நிறுவனத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாக, ஊசி எந்த மண்டலத்துக்குச் சமன் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். சில்வா, சூண்டோ போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தனித்தனி ஊசிகளைச் செய்கின்றன; எல்லா இடத்துக்கும் பொருந்தும் ‘குளோபல் நீடில்’ வகையும் உண்டு, அதன் விலை கூடுதல். விற்பவருக்கு இது தெரியாவிட்டால், பொருள் வீட்டுக்கு வந்ததும் நாமே சோதித்துத் திருப்பி அனுப்பிவிடலாம். பீரோவும் மோட்டார் சைக்கிளும் அருகில் இல்லாத இடத்தில், மர மேசையின் மீது மட்டமாக வைத்து, ஓர் இரும்புச் சாவியைக் கொண்டு ஊசியை இழுத்து விட்டுவிட வேண்டும். ஐந்து முறை விட்டாலும் ஐந்து முறையும் அதே கோட்டில் வந்து நின்றால் ஊசி நல்ல ஊசி. நான் இதை வாங்கிய அன்றே செய்திருந்தால் படகில் தலைகுனிய வேண்டியிருந்திருக்காது.

வடிவத்தைப் பொறுத்தவரை, வரைபடத்தின் மீது வைத்துக் கோடு பிடிக்கும்படியான, ஒளி ஊடுருவும் தட்டையான அடிப்பலகையும் எண்ணெய் நிரம்பிய குப்பியும் கொண்ட வகையே போதும். பட்டாளத்துப் பாணியில் மூடி வைத்த உலோகப் பெட்டிகளில் மலிவானவை பார்வைக்குக் கம்பீரம், பயனுக்கு வெறும் பொம்மை. காந்த வடக்கையும் உண்மை வடக்கையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் திருகு அமைப்புக்கு நாம் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அமெரிக்காவின் வடமேற்கில் அந்த வேறுபாடு 15 பாகை அளவுக்கு வரும். நமக்கோ அது இரண்டு பாகையை ஒட்டியே இருக்கிறது. இரண்டு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 35 மீட்டர் விலகுவோம். ஒரு கோபுரத்தையோ பாலத்தையோ தேடிப் போகிறவருக்கு அது பொருட்டன்று. கைப்பேசி உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அதோடு திசைகாட்டியை ஒரே பையில் போடக் கூடாது. நாளடைவில் ஊசியின் முனைகளே தலைமாறிவிடக் கூடும்.

திசைகாட்டி இல்லாதபோது திசையறியும் வழிகள் என்று ஆங்கிலக் கையேடுகளில் வருபவற்றை நம்பி இங்கே இறங்குவதும் ஆபத்து. கடிகாரத்தின் சிறுமுள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பித் தெற்கைக் கண்டுபிடிக்கும் உத்தி, நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் ஊர்களுக்கானது. டெல்டாவில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது; அந்த நான்கு மாதங்களில் கடிகாரம் நம்மை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய் விடும். துருவ நட்சத்திரம் பொய் சொல்லாது. ஆனால் அது இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகையில், அதாவது நீட்டிய கையின் முட்டி அளவு உயரத்தில்தான் இருக்கிறது. தென்னந்தோப்பு உள்ள ஊரில் அதை எங்கே போய்த் தேடுவது?

உண்மையில் நம் ஊர்ப் பேரிடர்களில் திசைகாட்டி எத்தனை முறை தேவைப்படும் என்று யாரேனும் கேட்டால், லகூன், கோடியக்கரைச் சதுப்பு, கடல் இவற்றுக்குப் போகிறவரைத் தவிர மற்றவருக்கு அபூர்வமாகத்தான் என்பேன். வெள்ளத்தில் வரப்பும் வாய்க்காலும் ஒன்றாகி, கண்ணுக்கெட்டிய வரை ஒரே தண்ணீராகத் தெரியும்போது, சாலை எந்தப் பக்கம் என்பதை ஊசி சொல்லும். அடுத்த அடியில் இடுப்பளவு ஆழம் காத்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஆளுயர மூங்கில் கழி. இருபது ரூபாய் பெறாத அந்தக் கழியை எந்த இணையக் கடையும் அவசரகாலப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அவசரகாலப் பையில் வைக்க வேண்டிய மற்றக் கருவிகளைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்துகள் எல்லாம் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு வந்தவை. அந்த வாரங்களில் நாங்கள் முதலில் தேடியது வெளிச்சம். டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடு விழுந்த கூரையில் தார்ப்பாய் கட்ட முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம்; இப்போது தலையில் மாட்டும் விளக்குகள் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டும் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் எரிபவை. பவர் பேங்க் வாங்குகிறவர்கள், 10,000 என்று அச்சிட்டிருந்தாலும் கைப்பேசிக்குப் போய்ச் சேருவது அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கோபுரங்கள் விழுந்து சிக்னல் இல்லாதபோதும் கைப்பேசியின் ஜிபிஎஸ் செயற்கைக்கோளைக் கொண்டு வேலை செய்யும் என்பதால், நம் மாவட்ட வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தால் அது வெறும் டார்ச்சாகச் சுருங்கிவிடாது. செய்திக்குப் பேட்டரி ரேடியோ ஒன்று போதும். அன்று எங்கள் அத்தை வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து, அவர் காலத்துப் பழைய பெட்டி ஒன்றில் திருச்சி வானொலியின் புயல் செய்தியைக் கேட்டது.

சாலை நெடுகத் தென்னை விழுந்து கிடந்தபோது, பன்னாட்டு நிறுவனத்தின் பதினாறு வேலை செய்யும் மடிப்புக் கத்தியால் ஒரு மட்டையைக்கூட அறுக்க முடியவில்லை. அரிவாளும் கைரம்பமும் வைத்திருந்தவர்கள்தான் வழி உண்டாக்கினார்கள். கயிறு வேண்டுமென்றால் மலையேறுகிறவர்களின் கயிற்றைத் தேடாமல், நாகப்பட்டினத்து மீன்பிடி சாமான் கடைகளில் கிடைக்கும், தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றில் இருபது மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. விசிலும் ஒன்று வேண்டும். உள்ளே உருண்டை இல்லாதது நனைந்தாலும் ஒலிக்கும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மீண்டும் மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் குறி என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, பாம்புக்கடி விஷத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் குப்பி. வெள்ளம் வந்தால் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் மேட்டைத் தேடி நம் வீட்டுக்குத்தான் வரும் என்பதால் பயம் நியாயமானது; ஆனால் உறிஞ்சுவதும் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போவதே வைத்தியம். மற்றொன்று செயற்கைக்கோள் தொலைபேசி. வெளிநாட்டுப் பட்டியல்களில் அது முதலிடத்தில் இருக்கும். இந்தியாவில் உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, பொது அவசர எண் 112 இரண்டையும் ஒரு தாளில் எழுதி, நெகிழி உறையில் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். கைப்பேசி அணைந்துவிட்டால் இன்னொருவர் கைப்பேசியில் அழுத்தவேனும் எண் வேண்டுமல்லவா?

ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, பையைத் திண்ணையில் கொட்டிப் பார்ப்பது வழக்கம். சென்ற முறை ஒரு தலைவிளக்கின் பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் துடைத்து எரியவைத்தேன். அதன் பிறகு பேட்டரிகளை விளக்குக்குள் போடாமல் தனியாகச் சுற்றி வைக்கிறேன். புதிய திசைகாட்டியின் ஊசி ஐந்து முறையும் அதே கோட்டில் வந்து நின்றது. பழையதைத் தூக்கி எறிய மனம் வராமல், அண்ணன் மகளிடம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.