மல்லாட்டைக் கொல்லையில் கோல்ஃப்

வேலூர்லேர்ந்து அமிர்தி போற வழியில மாமாவோட கொல்லை. அங்க ரெண்டு ரூமோட ஆரம்பிச்ச ரிசார்ட்டை மச்சான் இப்ப பெருசாக்கிட்டான். நேத்து போய்ப் பாத்தா, மல்லாட்டை, அதான் நிலக்கடலை, போட்ட இடத்துல ஆறு குழி கோல்ஃப்! முழு மைதானம்னா 18 குழி. நம்ம வேலூர் வெயிலுக்கு, இருக்கிற தண்ணிக்கு, ஆறே அதிகம்.

குழியோட வாய் நாலேகால் இஞ்ச். 1891ல ஸ்காட்லாந்து கிளப் ஒண்ணு கட்டாயமாக்கின அளவாம், இன்னிக்கும் அதேதான். மச்சான் டேப் வச்சே காட்டினான். எங்க வீட்டு டவரா சைஸ்.

ஆனா வேடிக்கை புல்லுலதான். "பெர்முடா புல்லு"ன்னான் பெருமையா. குனிஞ்சு கணுவைப் பாத்தா, அட, நம்ம அருகம்புல்லு! மாமா ஆயுசு பூரா களைக்கொட்டால பேத்துப் பேத்து வரப்புல வீசினது. "நான் புடுங்கினதை இவன் தண்ணி ஊத்தி வளக்கறான்"னு திண்ணையில உக்காந்து சிரிக்கறார்.

நானும் ஒரு அடி அடிச்சேன். பந்து அசையல. ஒரு பிடி புல்லு மட்டும் மண்ணோட பேந்து பத்தடி தள்ளி விழுந்துச்சு. மச்சான் தலையில கை வச்சுக்கிட்டான்.

மாமா மட்டும், "இன்னொன்னு போடு மாப்ள!"