மெஜாரிட்டி என்றால் எதில் பாதி?

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் 'மெஜாரிட்டி' என்று கண்டதும் 'பெரும்பான்மை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். பல இடங்களில் அது சரியாகவே பொருந்தும். பொருந்தாத இடத்தில் செய்தியே தலைகீழாகிவிடும்.

1824 அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்களின் வாக்குகள் மொத்தம் 261. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. மற்ற எவரையும்விட ஜாக்சனுக்குத்தான் அதிகம். அமெரிக்க ஆங்கிலத்தில் இதன் பெயர் ப்ளூராலிட்டி. மெஜாரிட்டிக்குப் பாதிக்கு மேல், அதாவது 131 வேண்டும். அது யாருக்கும் இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு; 24இல் 13 பெற்று ஆடம்ஸ் அதிபரானார். இதை 'பெரும்பான்மை பெற்றும் ஜாக்சன் தோற்றார்' என்று எழுதினால், நடக்காத ஒன்றை எழுதியதாகிவிடும்.

நம் தேர்தல் செய்திகளில் இந்த வேறுபாட்டுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. 'தனிப்பெரும் கட்சி' என்றால் மற்றவர்களைவிட அதிக இடங்கள். 'தனிப்பெரும்பான்மை' என்றால் கூட்டணித் துணையில்லாமலே பாதிக்கு மேல். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்று அச்சாகிவிடுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: ஒரு வேட்பாளர் 'மெஜாரிட்டி ஆஃப் 5,000' பெற்றார் என்றால் 5,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்றுதான் அர்த்தம். அவர் பெற்ற மொத்த வாக்குகள் அதில் தெரியாது.

ஆகவே, இந்தச் சொல்லைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது 'எதில்?' என்பதே. இந்திய அரசமைப்புச் சட்டம் இந்தக் கேள்விக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு பதில் வைத்திருக்கிறது. சாதாரண மசோதாவுக்கு, 100ஆம் பிரிவின்படி, வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல். குடியரசுத் தலைவர்மீதான பதவி நீக்கக் குற்றச்சாட்டுக்கு, 61ஆம் பிரிவின்படி, அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 543 பேர் கொண்ட மக்களவையில் அது 362. குடியரசுத் துணைத் தலைவரை நீக்க, 67ஆம் பிரிவின்படி, மாநிலங்களவையில் 'அப்போதுள்ள உறுப்பினர்களில்' பாதிக்கு மேல் வேண்டும்; காலியிடங்கள் கணக்கில் வராது. அதை மக்களவையும் ஏற்க வேண்டும்.

அதிகம் குழப்புவது 368ஆம் பிரிவு, அரசமைப்புத் திருத்தம். இங்கே இரண்டு நிபந்தனைகள்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அத்துடன் வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. மக்களவையில் 390 பேர் வாக்களித்தால் மூன்றில் இரண்டு 260தான். ஆனால் 260 போதாது, 272 வேண்டும். 480 பேர் வாக்களித்தால் 272 போதாது, 320 வேண்டும். வாக்களிப்பவர் எண்ணிக்கையில் 408தான் திருப்புமுனை: அதற்குக் கீழே முதல் நிபந்தனை இறுக்கும், மேலே இரண்டாவது இறுக்கும். வாக்களிக்காமல் ஒதுங்குபவர் இரண்டாவது கணக்கிலிருந்து விலகிவிடுகிறார். முதல் கணக்கில் அவர் ஒதுங்கினாலும் வேண்டிய எண்ணிக்கை மாறாது. 'சிறப்புப் பெரும்பான்மை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இவ்வளவும் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

2013 கம்பெனிச் சட்டம் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்துக்கு வேறு கணக்கு சொல்கிறது: ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. எதிர்ப்பு 100 என்றால் 300 வந்தால் நிறைவேறும், 299 வந்தால் தோற்கும்.

'அட்டெய்ன்டு மெஜாரிட்டி' என்று பத்திரங்களில் வருவது வயதைப் பற்றியது. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்து 'மேஜர்' ஆனார் என்று எழுதினால் போதும்.

'பெரும்பான்மை' என்றே சிலர் எழுதிவிடும் 'பிரிபாண்டரன்ஸ்' வேறு இனம். லத்தீனில் எடை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது; தராசுத் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதே அதன் கேள்வி. உரிமையியல் வழக்குகளில் 'பிரிபாண்டரன்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டீஸ்' என்ற அளவுகோல் இருக்கிறது: நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். குற்ற வழக்கின் 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்பதைவிட இது தாழ்ந்த அளவு. இதைப் 'பெரும்பான்மைச் சாட்சியம்' என்று மொழிபெயர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாட்சிகளின் தலையை எண்ணித் தீர்ப்பு எழுதுவதில்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, எந்த உண்மையையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. நம்பத்தக்க ஒருவர் சொல், நம்ப முடியாத பத்துப் பேர் சொல்லைவிடக் கனக்கலாம். 'சாட்சியத்தின் எடை எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறது' என்று விரித்தே எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

மேலோங்கி நிற்பதைக் குறிக்கும் 'டாமினன்ஸ்' என்ற சொல்லுக்கு எண்ணிக்கை தேவையே இல்லை. மரபியலில் நம் பாடநூல்கள் இதை 'ஓங்கு தன்மை' என்கின்றன, மிகச் சரியான தேர்வு. தாய், தந்தையிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றே ஒன்று இருந்தாலும் வெளிப்படுவது ஓங்கு மரபணு. மக்களிடையே அது பரவலாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஹண்டிங்டன் நோய் ஓங்கு மரபணுவால் வருவது, ஆனால் அரிது. ஓ ரத்த வகை ஒடுங்கு தன்மை (இரண்டு பிரதிகளும் இருந்தால்தான் வெளிப்படும்), ஆனால் பல நாடுகளில் அதிகம் காணப்படுவது அதுதான். சந்தைப் போட்டிச் சட்டத்தில் இதே சொல் வந்தால் 'ஆதிக்க நிலை' என்று எழுதலாம். ஆனால் 2002ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தடுப்பது அந்த நிலையை அல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான். அந்த வேறுபாட்டைத் தலைப்பிலேயே காட்டிவிடுவது நல்லது.